கெலிஓயாக்காரிக்கு வந்த அழைப்பு

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பிள்ளை தூங்கி, மாமியின் அறையில் வானொலி நின்று, குசினியில் சட்டிபானையும் கழுவி விட்ட பிறகுதான் எனக்கென்று உட்கார ஒரு கதிரை கிடைத்தது. கல்லூரி விடுதியில் நான் இப்படி விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், "அணைச்சுத் தொலைடி, நாளைக்கும் உலகம் இருக்கும்" என்று போர்வைக்குள்ளிருந்து கத்துவாய். இன்றைக்கு மட்டும் பொறுத்துக்கொள்.

என் முன்னால் மேசையில் ஒரு கிம்புலா பனிஸ் இருக்கிறது. எறும்பு வராமல் பீங்கானைக் கவிழ்த்து மூடி வைத்திருக்கிறேன். சாயங்காலம் பாணும் பனிஸும் விற்கிற ஆட்டோ வழக்கமான மெட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் சந்துக்குள் ஏறியது. என் மகள் நிலானி செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். முதலை மாதிரி நீண்டு, முதுகில் சீனி தூவிய அந்தப் பனிஸ்தான் வேண்டும் அவளுக்கு. "ஒண்ணா ரெண்டா டீச்சர்?" என்று கேட்டார் பாண்காரர். "ரெண்டு" என்று வாய் தானாகச் சொன்னது. கடதாசியைப் பிரித்ததும் ஒரு மணம் வந்தது, கொஞ்சம் மாஜரீன், கொஞ்சம் கருகிய சீனி. அந்த மணத்துக்குள் ஆஸ்பத்திரி முற்றம் இருந்தது. லொறி இருந்தது. பெரிய பனிஸ் பையைக் குழந்தையைப் போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உன் அப்பா நின்றார்.

ஆனால் முதலில் சொல்ல வேண்டியது வேறு. இன்று எனக்கு ஒரு அழைப்பு வந்தது.

இடைவேளையில் ஆசிரியர் அறையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். தெரியாத எண். நிலானியின் பாலர் பாடசாலையிலிருந்தோ என்று பேனையைப் போட்டுவிட்டு எடுத்தேன். தெரியாத எண் எது வந்தாலும் எனக்கு இப்போதெல்லாம் அப்படித்தான். பேசியது ஒரு பெண், கொழும்பிலிருந்து. நிதானமான குரல்.

"டீச்சர், சில வருஷத்துக்கு முந்தி கண்டியில வச்சு, எலும்பு மச்சை கொடுக்கிறதுக்கு நீங்க பேர் பதிஞ்சிருக்கீங்க. ஞாபகம் இருக்குதா?"

ஞாபகம் இருக்கிறதாவாம். கேட்கிறாள் பார்.

யாரோ ஒரு நோயாளிக்கு என்னுடையது பொருந்தும் போல் தெரிகிறதாம். உறுதி செய்ய இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். ஆணா பெண்ணா, எந்த ஊர், எதையும் சொல்ல மாட்டார்களாம். நான் என்னென்னவோ கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு அந்தப் பெண் சொன்னது இது: "இப்பவே முடிவு வேணாம். வீட்டுல கதைங்க. வேணாம்னு சொன்னாலும் யாரும் உங்களக் குறை சொல்ல மாட்டாங்க. ஆனா ஒண்ணு டீச்சர். எல்லாம் முடிவாகி, நோயாளிக்குக் கடும் மருந்து கொடுத்து, அவங்களோட மச்சைய முழுசா அழிச்சதுக்கு அப்புறம் நீங்க பின்வாங்கினா அவங்க உயிருக்கே ஆபத்து. அதனால ரொம்பப் பயமா இருந்தா இப்பவே சொல்லிருங்க. அதுதான் அவங்களுக்கும் நல்லது."

பயமாக இருந்தால்! என்னை உனக்குத் தெரியும். காஸ் அடுப்பை மூடினேனா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவள். பிள்ளை தும்மினால் தெர்மோமீட்டரைத் தேடுகிறவள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றால், கீழே மகாவலியைப் பார்க்காமல் முன்னால் இருப்பவரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருப்பவள். இப்படி ஒருத்தியை நம்பி, தன் எலும்புக்குள் இருப்பதையெல்லாம் காலி செய்துவிட்டு ஒரு மனிதர் படுத்துக் கிடப்பதா?

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். மாமி போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"எலும்புக்குள்ள இருக்கிற சத்தையா கேக்குறாங்க? ஏம்மா, பாப்பா பொறக்கிறப்ப முதுகுல போட்ட ஊசிக்கே இன்னும் குனிய ஏலாமக் கிடக்குற. இதுல முதுகெலும்ப வேற ஓட்டை போடணுமா?"

"முதுகெலும்புல கை வைக்கிறதில்ல மாமி. சில நாள் ஊசி போட்டு, ரத்தம் எடுக்கிற மாதிரி கையில இருந்து எடுத்து, மெஷினுக்குள்ள விட்டு வேண்டியதப் பிரிச்சிட்டு மிச்சத்தத் திருப்பி ஏத்துவாங்களாம். இல்லாட்டி மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்புல இருந்து எடுப்பாங்களாம். கொஞ்ச நாள் வலிக்கும். எடுத்தது திரும்ப ஊறிரும்."

"ஊறிருமாம்! இது என்னா, கிணறா?"

என் வீட்டுக்காரர் அப்போதுதான் மாநகர சபை வேலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். கிணறு என்றதும் சிரித்தார். பிறகு ஒரு சப்பாத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "சரி, கொடுக்கிற. நாளைக்கு நம்ம பாப்பாவுக்கே இப்படி ஒண்ணுன்னா?"

"வாயக் கழுவுடா!" என்று மாமி கத்தினார்.

அதையும் நான் அந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தேன். கேட்க வெட்கமாக இருந்தும் கேட்டேன். நான் கொடுப்பதால் என் பிள்ளைக்கு எதுவும் குறையாது, சில வாரங்களில் உடம்பு தானே நிரப்பிக்கொள்ளும் என்றுதான் சொன்னாள். தலைக்குப் புரிந்தது. வயிற்றுக்குப் புரியவில்லை. மூலையில் நிலானி உட்கார்ந்து பனிஸின் சீனியை மட்டும் நக்கிக்கொண்டிருந்தாள். முதலையின் முதுகு வழுக்கையாகிக்கொண்டே வந்தது. உனக்கும் அதே பழக்கம். சீனியை நக்கிவிட்டு மிச்சத்தை என் தலையில் கட்டுவாய்.

முதலில் உன் கையில்தான் அந்த நீலத் திட்டுகளைப் பார்த்தோம். மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் உனக்கு நியமனம் கிடைத்து இரண்டாவது வருடம். கண்டிக்கு வந்திருந்தாய், சேலை எடுக்க. "யாருடி அடிச்சது?" என்று கேட்டேன். "மூணாம் வகுப்பு. கணக்குப் போடச் சொன்னா அடிக்கிறானுங்க" என்றாய். கடைக்காரர்கூடச் சிரித்தார். படியேறும்போது இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாய். ஏற்றத்திலேயே பிறந்தவள் நீ. மலையில் ஓடி ஓடி வளர்ந்த கால் உனக்கு. டவுனில் வளர்ந்த நான்தான் மூச்சு வாங்க வேண்டும். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஒருவருக்கும் உறைக்கவில்லை. பல் துலக்கும்போது இரத்தம் நிற்காமல் வந்த பிறகுதான் உன் அப்பா உன்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

இரத்தப் புற்றுநோய். அந்தச் சொல்லை உன் அப்பாவுக்குச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் நீயே சொன்னாய்: "ரத்தத்துல பூச்சி விழுந்திருக்குப்பா. மருந்து அடிச்சாப் போயிரும்." தேயிலைக் கொழுந்துக்கு மருந்தடித்தே வாழ்ந்த மனிதர். தலையாட்டிக்கொண்டார்.

மருந்து அடித்தார்கள். நோய் போய்விட்டுத் திரும்பி வந்தது. அப்போதுதான் எலும்பு மச்சையைப் பற்றி டொக்டர் பேசினார். நான் சட்டைக் கையை மடக்கிக்கொண்டே உள்ளே போனேன், உனக்கு ஞாபகமிருக்கும். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே குரூப் டொக்டர். எவ்வளவு வேணுமோ எடுங்க." அவர் என் கையைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். இரத்த வகை ஒன்றாக இருப்பது வேறு, இது பொருந்துவது வேறு, முதலில் கூடப் பிறந்தவர்களைத்தான் பார்ப்போம் என்று மெதுவாகச் சொன்னார். நீ தலையணையில் சாய்ந்தபடி, "கைய இறக்குடி, சண்டைக்குப் போறவ மாதிரி நிக்கிற" என்றாய்.

கட்டாரிலிருந்து உன் அண்ணன் லீவு போட்டு வந்தார். பொருந்தவில்லை. ஆஸ்பத்திரிப் படியில் அவர் உட்கார்ந்து அழுததை நீ பார்க்கவில்லை. உனக்குச் சொல்லவும் இல்லை. "அவன் எப்பவும் என் பேச்சுக்கு எதிர்ப் பேச்சுதான், ரத்தம் மட்டும் ஒத்துப் போகுமா?" என்று நீ கேட்டபோது நான் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் லொறி வந்தது.

கூடப் பிறந்தவன் பொருந்தவில்லை என்றதும் உங்கள் தோட்டத்தில் என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. பிறத்தியார் யாருக்காவது பொருந்தக்கூடும் என்ற ஒரு வரியை மட்டும் உன் அப்பா போய்ச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு ஜெபம் முடிந்ததும் உபதேசியார் எழுந்து அறிவித்துவிட்டார்: நாளைக் காலையில் லொறி, டீச்சருக்குக் கொடுக்க வருகிறவர்கள் ஏறலாம், ஆனால் ஒருவரும் பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கக் கூடாது. அவருக்குச் சீனி வியாதி. இரத்தப் பரிசோதனை என்றால் வெறும் வயிறு என்று அவருக்கு எப்போதோ சொல்லியிருந்தார்கள். மற்றவர்களுக்கோ அப்படிச் சொன்னது இன்னும் பொருத்தமாகப் பட்டிருக்கிறது. மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் நற்கருணைக்கு, அதாவது நன்மை வாங்குவதற்கு, முன்னால் சாப்பிட மாட்டார்கள். முருகனைக் கும்பிடுகிறவர்கள் காவடிக்கு விரதம் இருப்பார்கள். ஒரு உயிருக்காகக் கொடுக்கப் போகும்போது வயிற்றை நிரப்பிக்கொண்டா போவது?

கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அன்றைக்குப் பேர் விழாது, சம்பளம் இல்லை என்று தெரிந்தும், பனியில், லொறித் தட்டில் நின்றுகொண்டே மலை இறங்கி வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி முற்றத்தில் லொறியிலிருந்து குதித்தவர்களில் பாதிப் பேருக்குக் கால் நிற்கவில்லை. ஒரு அக்கா சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். இரத்த வங்கியிலிருந்து ஓடி வந்த சிங்கள நர்ஸ் மிஸ் தனக்குத் தெரிந்த தமிழில் சத்தம் போட்டார்.

"யாரு சொன்னது சாப்பிட வேணாம்? ரத்தம் குடுக்கிற ஆளு சாப்பிட்டு வரணும்! எல்லாம் போங்கோ! சாப்பிட்டு வாங்கோ!"

உபதேசியாருக்கு அவமானமாகப் போய்விட்டது. "மிஸ், நன்மை வாங்கப் போறவன் சாப்பிட்டுட்டா போவான்?" என்று கேட்டார். மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த லொறியை ஒருமுறை பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "சாப்பிட்டு வாங்கோ" என்றார் மறுபடியும், இந்தத் தடவை வீட்டில் சொல்வது போல.

உன் அப்பா ஓடினார். எதிர்ப்பக்கக் கடையிலிருந்த கிம்புலா பனிஸ் எல்லாவற்றையும் பையோடு அணைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே வாளியில் பிளேன்டீ. மனிதர்கள் முற்றத்தில் வரிசையாகக் குந்தி, முதலையைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார்கள். அந்த மணம்தான் இப்போது இந்த மேசையில் இருக்கிறது.

அந்த நேரத்தில் மேலே வார்ட் ஜன்னலிலிருந்து நீ எனக்குச் செய்தி அனுப்பினாய்: "என்னடி, தோட்டமே கீழ வந்து நிக்குது? இன்னைக்குக் கொழுந்து யாரு பறிக்கிறது, துரையா?"

உனக்கு வேண்டியது வெறும் இரத்தம் அல்ல, மச்சை பொருந்துமா என்று பார்க்கிற இடமும் இதுவல்ல என்று டொக்டர் வந்து விளக்கினார். நான் ஒவ்வொருவருக்கும் திருப்பித் திருப்பிச் சொன்னேன். சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்த அந்த அக்காதான் வாயைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "வந்தது வந்தோம். சாப்பிட்டும் ஆச்சு. ரத்தத்தையாவது எடுத்துக்கச் சொல்லுங்க டீச்சர்." ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கண்டியில் ஒரு மண்டபத்தில் சிலர் வந்து முன்வருவோரைப் பதிந்தார்கள். காது குடைகிற பஞ்சுக்குச்சி மாதிரி ஒன்றால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவி எடுத்தார்கள். அவ்வளவுதான். நான் நேரே உன்னிடம் வந்து சொன்னேன். உனக்கு வாயெல்லாம் புண். சிரிக்கக் கூடாது என்று உத்தரவு. "எச்சிலா எடுத்தாங்க?" என்றாய். "அதுல பாதி என்னோடது. விடுதியில ஒரே கரண்டியில தின்ன எச்சில். பொருந்தாம எங்க போகும்?"

பொருந்தவில்லை. அதைச் சொல்ல வந்த அன்று உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் என்ன செய்வதென்று தெரியாமல் உன் தோடம்பழத்தை நானே உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். நீதான் பேசினாய். "என் பேருக்குப் பொருந்தலன்னு அங்க இருக்கிற உன் பேரை அழிச்சிராத. அது எனக்கு மட்டும் கொடுத்த எச்சில் இல்ல."

சரி என்றேன். நீ கேட்டதால் சரி என்றேன். அதற்குமேல் அப்போது யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு நமக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. உனக்குப் பொருந்தக்கூடிய ஆள் எங்கோ இருக்கிறாள் என்று நீ முடிவு செய்துவிட்டாய். ஆண் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. அவள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று எனக்குச் செய்தி அனுப்புவாய். "இப்ப மீன் கழுவிக்கிட்டு இருப்பா." "இப்ப புருஷனோட சண்ட." "அவளுக்கே தெரியாதுடி, அவ எலும்புக்குள்ள என் ஆயுசு இருக்கிறது." ஒருநாள் அவளுக்கு ஊரும் முகமும் கொடுத்துவிட்டாய். கெலிஓயாக்காரி.

கல்லூரித் தோழியின் கல்யாணத்துக்குக் கம்பளைக்குப் போனோமே, அந்த பஸ். கெலிஓயாவில் ஒரு அம்மா ஏறினார், மடியில் உரப் பை, பைக்குள்ளிருந்து ஒரு சேவல் தலையை நீட்டியது. பஸ் வளைவுகளில் பறந்தது. அந்த அம்மா கண்ணை இறுக்கி மூடி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தம்பி மெதுவா! தம்பி புள்ளகுட்டிக்காரிப்பா!" என்று வழி முழுக்கக் கத்திக்கொண்டே வந்தார். கண்டக்டர் கடுப்பாகி, "பயமா இருந்தா அடுத்த ஹோல்ட்ல எறங்குங்க அக்கா" என்றார். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எறங்க மாட்டேன். எனக்குப் போக வேண்டிய இடம் இருக்கு." சேவலும் கூவியது. நாம் கம்பளை வரைக்கும் சிரித்தோம்.

ஆஸ்பத்திரியில் உனக்கு முடி எல்லாம் போய், மாவு மாதிரி வெளுத்துப் போயிருந்த ஒரு நாள் மாலை, அவரைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தாய் போல. எனக்கு எழுதினாய். அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. "எனக்குத் தைரியசாலி வேணாம்டி. தைரியசாலிக்கு நூறு வேலை இருக்கும். அந்தக் கெலிஓயாக்காரி மாதிரி ஒருத்தி போதும். கண்ண மூடிக்கிட்டு, கம்பியப் புடிச்சுக்கிட்டு, கத்திக்கிட்டே வரட்டும். எறங்காம வந்தாச் சரி."

அவள் வரவில்லை. அவள் மேல் உனக்கு வருத்தமும் இருக்கவில்லை. "அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றாய்.

அந்த மாதங்களில் நான் அனுப்பிய ஒவ்வொரு செய்தியையும் "சீக்கிரம் பதில் போடு" என்று முடிப்பேன். உன்னிடமிருந்து ஒரு எழுத்து வந்தால், போனைப் பிடிக்கிற அளவுக்கு உன் கையில் பலம் இருக்கிறது என்று அர்த்தம். உனக்குக் கோபம் வரும். "படுத்துக் கிடக்கிறவள அவசரப்படுத்துற ஒரே ஆள் நீதான்" என்பாய். ஆனாலும் போடுவாய். ஒரு புள்ளி மட்டுமாவது போடுவாய்.

நான் உண்டானதைக் கேட்டு நீதான் முதலில் அழுதாய். "புள்ள பொறந்ததும் போட்டோ அனுப்பணும். எனக்குத்தான் மொதல்ல" என்றாய். ஏழாம் மாதத்தில் நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்த நாட்களில், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், உனக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பில் எதிர்த்து நிற்க ஒன்றும் மிச்சமில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று மாமி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் மட்டும் போய், உன் தோட்டத்து மண் ஒட்டிய செருப்போடு திரும்பி வந்தார். வாசலிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அந்தச் செருப்பை நான்தான் கழுவினேன். எனக்கு நீ அடக்கமான இடம் அந்தச் செந்தண்ணிதான்.

நிலானி பிறந்ததும் உனக்குத்தான் முதலில் போட்டோ அனுப்பினேன். கேட்டிருந்தாயே. ஒற்றை டிக் விழுந்தது. இன்னும் ஒற்றை டிக்தான்.

இப்போது சொல்கிறேன், கேள். இன்று அந்த அழைப்பு முடிந்து போனைக் கீழே வைத்ததும் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, பயம்தான். ஊசிப் பயம், மயக்க மருந்துப் பயம், என் பிள்ளைக்கு அம்மா இல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம். நான் அவளைத் தூக்க ஏலாமல் படுத்துக் கிடக்கும் நாலு நாளில் அவள் கதவுப் பக்கம் நின்று அழுவாளே என்ற பயம். பின்னேரப் பாடத்துக்கு வகுப்புக்குப் போனேன். கரும்பலகையில் திகதி எழுத எடுத்த சோக்கட்டி அப்படியே நின்றுவிட்டது. எங்கேயோ ஒரு கட்டிலில் யாரோ ஒருவர், நான் இப்போது மீன் கழுவுகிறேனா, புருஷனோடு சண்டை பிடிக்கிறேனா என்று யோசித்துக்கொண்டு கிடக்கிறார். அவர் எனக்கு என்ன ஊர் வைத்திருப்பார், தெரியவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை என்று இனி அவர் நினைக்க ஏலாது. எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், போவதாக.

"டெஸ்டுக்கு மட்டும் போ. மிச்சத்த அப்புறம் பாத்துக்குவோம்" என்றார்.

"அப்படி ஏலாதுங்க. பாதி வழியில எறங்குறதா இருந்தா ஏறவே கூடாது. இப்பவே முழுசா முடிவு எடுக்கணும்."

அவர் நெடுநேரம் நிலானியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அவள் எப்போதோ தூங்கிவிட்டாள். பிறகு சொன்னார்: "அப்படின்னா நீ ஆஸ்பத்திரில இருக்கிற நாள்ல இவ எவ்வளவு அழுதாலும் உனக்குக் கோல் எடுக்க மாட்டேன். எடுத்தா நீ ஊசியப் புடுங்கிப் போட்டுட்டு ஓடி வந்துருவ. எனக்குத் தெரியும்."

அதுதான் அவர் சம்மதம். பயம் போய்விடவில்லை அவருக்கு. முகத்தில் அப்படியே இருந்தது.

மாமி இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். அறைக்குள் போகும்போது திரும்பிப் பார்க்காமல், "ஊறுற வரைக்கும் தண்ணி வாளி தூக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, கதவுக்கு உள்ளேயிருந்து: "அது உன் சிநேகிதிக்குக் கொடுக்க ஏலாமப் போனதுதானே?"

"ஆமா மாமி."

வானொலியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்.

இரத்தம் எடுத்துப் பார்த்தால் பொருந்தாமலும் போகலாம். கடைசிக் கட்டத்தில் அந்த மனிதருக்கு வேறு ஏதாவது ஆகியும் விடலாம். எல்லாம் சரியாக நடந்தாலும் அவர் பிழைப்பாரா என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். இவ்வளவையும் நினைத்துப் பார்த்துவிட்டேன். நினைத்துப் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. நான் இரவில் இன்னும் ஒரு தடவை எழுந்து காஸைப் பார்ப்பேன். ஊசி போடும்போது கத்துவேன். "புள்ளகுட்டிக்காரிம்மா, மெதுவா" என்று ஊசி போடுகிற மிஸ்ஸிடம் நிச்சயமாகச் சொல்வேன். ஆனால் இறங்க மாட்டேன். உன்னிடம் சொல்லிவிட்டால் பிறகு மாற்ற மாட்டேன் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாளைக் காலையில் அந்த எண்ணுக்கு அழைத்து, வருகிறேன் என்று சொல்லப் போகிறேன். எப்போது வரச் சொல்கிறார்களோ அப்போது போவேன். சாப்பிட்டுவிட்டு வருவதா, வெறும் வயிற்றோடா என்று முதலில் கேட்டுக்கொள்வேன். அதை மறக்கவே மாட்டேன். இந்தப் பனிஸை இப்போதே தின்னப் போகிறேன். சீனியை உனக்கு விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும், வழக்கம் போல.

யாரோ ஒருவர் என் பதிலுக்காகக் காத்திருக்கிறார். விடிந்ததும் அவருக்குச் சொல்லிவிடுவேன்.

நீயும் எனக்குச் சீக்கிரம் பதில் போடு.